வைஃபை போகாத அப்டேட்

சம்பந்தி,

காலையில் கோப்பி கலக்கி வைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தேன். கீழே வலது ஓரத்தில், கேடயம் மாதிரி இருக்குமே ஒரு சின்னப் படம், அதில் சிவப்புப் புள்ளி விழுந்திருக்கிறது. அப்டேட் வந்துவிட்டது என்று அர்த்தம். பார்த்ததும் கை தானாகப் போனைத் தேடியது, உங்களைக் கூப்பிட்டு "புள்ளி வந்துடுச்சு சம்பந்தி" என்று சொல்ல. நீங்கள் போய் ஒரு தைப்பூசம் தாண்டிவிட்டது. கைக்கு அது இன்னும் தெரியவில்லை.

இதை அழுத்தினால் வைஃபை போகும். அது திரும்ப வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பேத்தியின் முகம் இல்லை. எனக்கு இந்த மெஷின் என்றால் அந்த முகம்தான், வேறு ஒன்றும் இல்லை. அழுத்துவதற்கு முன் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

என் மகளும் உங்கள் மகனும் மெல்பர்னுக்குப் போனபோது இந்தப் பழைய லேப்டாப்பைக் கிள்ளானில் என் வீட்டில் விட்டுப் போனார்கள். பேத்தி பிறந்தது அங்கே. போனில் பார்த்தால் அவள் முகம் தீப்பெட்டிப் படம் அளவுக்குத்தான் தெரியும். என் கண்ணுக்கு அது போதாது. லேப்டாப்பில் மூக்கு, வாய், புதிதாக முளைத்த பல் எல்லாம் தெரிந்தது. ஒரு நாள் அந்த லேப்டாப், புது விண்டோஸ் போட உனக்குத் தகுதி இல்லை என்கிற மாதிரி ஏதோ எழுதிக் காட்டிவிட்டு அடம்பிடிக்க ஆரம்பித்தது. உங்கள் மகன், "தூக்கிப் போட்டுடுங்க அத்தை, அது கதை முடிஞ்சது" என்றார். அந்த வார்த்தையையும் நான் மறக்கவில்லை. நல்ல பொருளைத் தூக்கிப் போடச் சொல்கிறவர்களை எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை.

"அதுக்குள்ள லினக்ஸ் போட்டா ஓடும். நான் வரேன்" என்றீர்கள் நீங்கள். டெலிபோன் கம்பத்தில் ஏறி இறங்கி ரிட்டையர் ஆன மனுஷன். பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து கொமியூட்டர் ரயில் பிடித்து, ஒரு கையில் கறிப்பாப் பலகாரப் பொட்டலமும் சட்டைப் பையில் ஒரு பென் டிரைவுமாக வந்து கேட்டில் நின்றீர்கள்.

நான் சிரித்த முகமாக வரவேற்கவில்லை. அது உங்களுக்கும் தெரியும். கல்யாணத்தன்று மண்டபத்தில் மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் நன்றி சொன்னீர்கள். பெண்ணைப் பெற்று வளர்த்தவர்கள் என்று என் வீட்டுக்காரரின் அண்ணனைக் கூப்பிட்டு மாலை போட்டீர்கள். அவர் மனைவியும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். என் புருஷன் செத்த பிறகு என் மகளுக்கு ஒரு பென்சில் வாங்கிக் கொடுக்காத மனிதர் அவர். நான் மூன்றாவது வரிசையில், பச்சைப் பட்டோடு, கையில் பன்னீர்ச் செம்போடு நின்றேன். ஆண் துணை இல்லாத வீடு என்றால் ஒரு ஆணைத் தேடிப்பிடித்து மரியாதை செய்வது நம் வழக்கம்தான். வழக்கம் என்பதால் வலிக்காது என்று யார் சொன்னது?

அந்த நாள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, பென் டிரைவைச் செருகி, நெடுநேரம் ஏதேதோ செய்தீர்கள். திரையில் வந்ததை எல்லாம் வாய்விட்டுப் படித்தீர்கள், எனக்கும் காதில் விழட்டும் என்று. பிறகு நிமிர்ந்தீர்கள்.

"பேரு கேக்குது, சம்பந்தியம்மா."

"உங்க பேரைப் போடுங்க. நீங்கதானே செய்றீங்க."

"அது சரியா வராது. இங்க யாரு பேரு போடுறமோ அவங்கதான் இந்த மெஷினுக்கு முதலாளி. புதுசா எது உள்ள வந்தாலும் அவங்க பாஸ்வர்ட் போட்டாத்தான் ஏறும். நான்கூட உங்களைக் கேக்காம ஒண்ணும் பண்ண முடியாது."

என் பெயரை முன்னெழுத்தோடு, தமிழிலேயே அடித்தீர்கள். எழுத்து எழுத்தாகத் தேடி, மெதுவாக. அன்று மைக்கில் விட்ட பெயரைத்தான் இங்கே போடுகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. ஆனால் உங்கள் கோப்பியில் சீனி போடவில்லை. உங்களுக்குச் சர்க்கரை வியாதி என்று, கல்யாணப் பந்தியில் பாயசத்தை இலை ஓரத்துக்கு ஒதுக்கியபோதே பார்த்து வைத்திருந்தேன்.

பாஸ்வர்ட் அடிக்கும் நேரம் வந்ததும் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டீர்கள். நான் அடித்தேன். திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை.

"ஒண்ணும் விழலையே. கீபோர்டு ரோசாக்கா?"

"ரோசாக் இல்ல, கெட்டுப் போகல. அந்த இடத்துல அடிக்கிறது கண்ணுக்குத் தெரியாது. ஆனா வாங்கிக்கும். அடிச்சு முடிச்சுட்டு என்டரைத் தட்டுங்க."

வாங்கிக்கொண்டது.

எல்லாம் ஏறியது, வைஃபை மட்டும் ஏறவில்லை. இந்த லேப்டாப்பின் வைஃபையை லினக்ஸ் கண்டுகொள்ளவே இல்லை. அடுத்த முறை கட்டைவிரல் நகம் அளவில் ஒரு குச்சி வாங்கி வந்து பக்கவாட்டில் செருகினீர்கள். அதற்கும் ஒரு வியாக்கியானம் சொன்னீர்கள். "இந்தக் குச்சியை ஓட்ட ஒரு டிரைவர் வேணும். அதை நாமளே உள்ள கட்டணும். கட்டிட்டா ஓடும். ஆனா பெரிசா அப்டேட் வந்தா இன்ஜினையே மாத்திடுறான். பழைய டிரைவருக்குப் புது இன்ஜின் பிடிபடாது. மறுபடி கட்டணும்."

"அப்ப ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்தான்" என்றீர்கள், கறிப்பாப்பைக் கடித்துக்கொண்டு.

அப்படித்தான் ஆரம்பித்தது. புள்ளி வரும். நான் அழுத்துவேன். லேப்டாப் அணைந்து எழும்போது வைஃபை படத்தில் ஒரு குறுக்குக் கோடு நிற்கும். உங்களுக்குப் போன் போடுவேன். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ கேட்டில் நிற்பீர்கள். உங்கள் போனைக் கேபிளில் மாட்டி அதிலிருந்து இணையம் கொடுத்துவிட்டு, கறுப்புப் பெட்டி ஒன்றைத் திரையில் திறப்பீர்கள். நீளமான ஆங்கில வரிகளை அதில் அடிக்க வேண்டும். நான் பந்திங் பக்கம் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் தெரியும், சேர்ந்து நின்றால் தெரியாது. எப்படி இவ்வளவையும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"யாரு ஞாபகம் வெச்சா? இந்தா, மேல போற அம்பு. இதை ஒரு தட்டு தட்டினா கடைசியா அடிச்ச வரி வரும். இன்னொரு தட்டு தட்டினா அதுக்கு முந்தினது. இது எதையும் மறக்காது, உங்களை மாதிரி."

அதைக் கிண்டலாகச் சொன்னீர்களா, பாராட்டாகவா என்று அன்றே கேட்டிருக்க வேண்டும்.

நம் ஆட்களில் ஒரு சம்பந்தி இன்னொரு சம்பந்தி வீட்டுக்குச் சும்மா வர முடியாது. மனைவியை இழந்த ஆண், புருஷனை இழந்த பெண் என்றால் கேட்கவே வேண்டாம். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, இப்படி ஏதாவது இருக்க வேண்டும். அதனால்தான் நீங்கள் வந்தால் முதல் வேலையாக மேசையை நகர்த்தி, லேப்டாப் வாசலுக்குத் தெரிகிற மாதிரி வைப்பீர்கள். கேட்டையும் கதவையும் அகலத் திறந்து வைக்கச் சொல்வீர்கள். எதிர்வீட்டு அக்கா துணி காயப்போடுகிற சாக்கில் எட்டிப் பார்ப்பாள்.

"என்னம்மா, சம்பந்தி வந்திருக்காரு போல?"

"கம்ப்யூட்டர் ரோசாக்."

"அடிக்கடி ரோசாக் ஆகுது லா."

"பழசு. அப்படித்தான் ஆகும்" என்றேன். நீங்கள் தலையைத் தூக்காமல், "ரொம்பப் பழசு" என்றீர்கள். உங்கள் தோள் குலுங்கியதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

ஓர் ஆயுத பூஜை சமயம் உங்கள் பழைய குறடு, கம்பத்தில் ஏறும் இடுப்பு வார் எல்லாவற்றுக்கும் வீட்டில் சந்தனம் வைத்துவிட்டு வந்தவர், "இதுவும் ஆயுதம்தான்" என்று லேப்டாப்புக்கும் வைத்தீர்கள். குச்சியைக் கழற்றித் துடைத்து அதற்கும் ஒரு பொட்டு. மறுநாளே வந்த அப்டேட்டில் வழக்கம்போல வைஃபை போனது. வழக்கம்போல வந்து கட்டினீர்கள். வரவில்லை. மறுபடி கட்டினீர்கள். எதை எதையோ இறக்கினீர்கள், நீக்கினீர்கள், போட்டீர்கள். மதியம் போய்ச் சாயங்காலம் ஆகிவிட்டது. உங்கள் கழுத்தில் நரம்பு எழும்பியது.

"இடையில எதையாச்சும் அழுத்தினீங்களா?"

"நான் எதையும் அழுத்தல."

"எதையோ அழுத்தியிருக்கீங்க. குச்சி மாட்டியிருக்கிறதே தெரியலைங்குது."

"தெரியலைன்னு அது சொல்லுதில்ல? அது பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? அப்ப அதைக் கேளுங்க, என்னை ஏன் கேக்கறீங்க?"

குச்சியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தீர்கள். அதன் தகர வாய்க்குள் மஞ்சளாகக் காய்ந்து அடைத்திருந்தது சந்தனம்.

"இது யாரு வேலை?"

"கொண்டைக்கடலை அவிச்சது நான். பொட்டு வெச்சது பிரிக்பீல்ட்ஸ்காரங்க."

நீங்கள் சிரித்ததில் எதிர்வீட்டு அக்கா வெளியே வந்துவிட்டாள். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று கேட்டு வாங்கிச் சுத்தம் செய்து மாட்டினீர்கள். வைஃபை வந்தது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்.

"உங்களைச் சொன்னது தப்பு. கல்யாணத்தன்னைக்கு சொல்லாம விட்டதும் தப்பு."

"மீன் குழம்பு இருக்கு. சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன். மாட்டிய செருப்பைக் கழற்றினீர்கள். என் வீட்டில் நீங்கள் சோறு சாப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு எந்த வரவும் கோப்பியோடு நிற்கவில்லை.

ஒரு நாள் புள்ளியே வராமல் நீங்கள் வந்தீர்கள். அதுவரை அப்படி வந்ததில்லை.

"ஒரு வேலை பாக்கி இருந்துச்சு" என்றீர்கள்.

கறுப்புப் பெட்டியைத் திறந்து அடித்தீர்கள், அழித்தீர்கள், மறுபடி அடித்தீர்கள். என்னைப் பாஸ்வர்ட் போடச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றபோது சட்டை உங்கள் மேல் தொங்கியது. கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது. கேட்டேன். "கொமியூட்டர்ல நின்னுக்கிட்டே வந்தேன்" என்றீர்கள். நான் நம்பினேன். சோறு பாதி வைத்தீர்கள். வாசலில் நின்று, "இனிமே போகாது" என்றீர்கள்.

அடுத்த புள்ளி வந்தது. அழுத்தினேன். லேப்டாப் அணைந்து எழுந்தது. வைஃபை அப்படியே இருந்தது. அதற்கடுத்த புள்ளிக்கும் இருந்தது. என்ன சொல்லி உங்களைக் கூப்பிடுவது? எல்லாம் நன்றாக ஓடுகிறது, வாங்க என்று ஒரு சம்பந்தியை எப்படிக் கூப்பிடுவது? வேலை இருந்தால்தான் இந்த வீட்டு வாசல் தெரியும் போல என்று எனக்குக் கோபம். உங்களுக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. நீங்களும் போடவில்லை. நான் முதலில் இறங்கி வருகிற ஆள் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

கடைசியில் நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். பின்னால் யாரோ தள்ளுவண்டி உருட்டும் சத்தம்.

"வைஃபை ஓடுதா?"

"ஓடுது."

"இடையில போகவே இல்லையா?"

"இல்ல."

"அப்ப சரி, சம்பந்தியம்மா."

அவ்வளவுதான். அது ஆஸ்பத்திரி வராந்தா என்றும், சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன என்றும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்லி வைத்திருந்தீர்களாம். இதற்கு உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மைக் விஷயத்தைவிட இது பெரிது. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் உங்களைக் கிடத்தியிருந்தபோது பெண்கள் பக்கம் ஓரமாக உட்கார்ந்து அதைத்தான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

காரியம் முடிந்து உங்கள் மகன் கிள்ளானுக்கு வந்திருந்தார். லேப்டாப் எப்படி இருக்கிறது என்று திறந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அத்தை, அப்பா இதைத் தானா கட்டிக்கிற மாதிரி பண்ணி வெச்சிருக்காரு. எந்த அப்டேட் வந்தாலும் டிரைவர் தன்னால ஏறிடும். அதான் வைஃபை போகல."

"ரொம்பக் கஷ்டமான வேலையா, மாப்பிள்ளை?"

"கஷ்டம்லாம் இல்ல. ரெண்டு வரிதான். மொத நாளே பண்ணியிருக்கலாம். ஏன் பண்ணாம விட்டாருன்னு தெரியல."

"அவருக்குத் தெரியாம இருந்திருக்கும்."

"அவருக்கா? மெல்பர்ன்ல என் மெஷினுக்கு அவருதான் போன்ல சொல்லிக் குடுத்தாரு. பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடியே."

நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். பேத்தி பிறக்கும் முன்பே தெரிந்த வித்தை. தெரிந்துகொண்டே அத்தனை தடவை ரயிலேறி வந்தீர்கள், கறிப்பாப் வாங்கிக்கொண்டு, வெயிலில், மழையில். இனி வர முடியாது என்று தெரிந்த பிறகுதான் அந்த இரண்டு வரியை அடித்தீர்கள். வைஃபை போகாமல் இருந்த அந்த நாட்களில்தான் நான் உங்கள் மேல் கோபமாக இருந்தேன்.

அப்புறம் வந்தது பெரிய சிக்கல். சின்னப் புள்ளி இல்லை. நாம் போட்டிருந்த லினக்ஸுக்கே காலம் முடிந்துவிட்டது. வீடியோ வரும் பக்கம் திறக்க மறுத்தது. ஒரு ஞாயிறு குரல் மட்டும் போனில் வந்தது. பேத்தி, "பாட்டி, மூஞ்சி காட்டு" என்று அழுதாள். உங்கள் மகன், "அதுலயே புது லினக்ஸுக்கு மாறுற பொத்தான் இருக்கு அத்தை. ஆனா மாறினா அப்பா பண்ணி வெச்சது நிக்குமான்னு தெரியல. டேப்லெட் ஒண்ணு வாங்கி அனுப்பிடறேனே" என்றார். நான் பொத்தான் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

காலையில் சாமிக்கு விளக்கேற்றிவிட்டு அழுத்தினேன். மத்தியானம் வரை ஓடியது. அணைந்து எழுந்தது. படம் புதிதாக, பளிச்சென்று இருந்தது. வைஃபையில் குறுக்குக் கோடு.

என் போனைக் கேபிளில் மாட்டினேன். நீங்கள் உங்கள் போனில் எந்த இடத்தைத் தட்டுவீர்கள் என்று பார்த்திருக்கிறேன். என் போனில் அது வேறு மூலையில் இருந்தது, தேடித் தட்டினேன். கறுப்புப் பெட்டியைத் திறந்தேன். மேலே போகும் அம்பை ஒரு தட்டு.

நீங்கள் வந்தீர்கள், சம்பந்தி.

முதலில் அந்தக் கடைசி நாளின் வரிகள். பாதி வரிகள் தப்பு. முதல் சொல்லிலேயே இரண்டு எழுத்து முன்பின்னாக மாறியிருக்கும். அடுத்த வரியில் திருத்தியிருப்பீர்கள், வேறோர் இடத்தில் விட்டிருப்பீர்கள். எனக்குச் சொல் தெரியாது, எழுத்து தெரியும். உங்கள் விரல் எவ்வளவு நடுங்கியிருக்கிறது என்று அங்கேதான் பார்த்தேன். மேலே மேலே தட்டத் தட்ட தப்பு குறைந்தது. சந்தனம் அடைத்த நாள் வந்தது, ஒரே வரி திரும்பத் திரும்ப, நீங்கள் மூக்கு விடைக்க உட்கார்ந்திருந்த நாள். அதற்கும் மேலே போனால் நல்லபடியாக இருந்த நாட்களின் வரிகள், ஒரு பிசிறும் இல்லாமல்.

நீங்கள் எப்போதும் அடிக்கும் இரண்டு வரிகளின் முகம் எனக்குத் தெரியும். குட்டையானது புதிதை இறக்கும், நீளமானது கட்டும். குட்டையை நிறுத்தி என்டரைத் தட்டினேன். வெள்ளை எழுத்து ஓடி நின்றது. பிறகு நீளம். பாஸ்வர்ட் கேட்டது. சுவர்ப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு அடித்தேன். அணைத்து எழுப்பினேன். குறுக்குக் கோடு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பேத்தி திரை முழுக்க வந்தாள். மேல் வரிசையில் ஒரு பல் விழுந்திருந்தது, அதைத்தான் முதலில் காட்டினாள். உங்கள் மகனுக்கு நம்பிக்கை வரவில்லை.

"யாரைக் கூப்பிட்டுப் பண்ணீங்க அத்தை?"

"யாரையும் கூப்பிடல. உங்கப்பா அடிச்சது எல்லாம் உள்ளதான் இருக்கு."

அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "ஆனா நீங்க கட்டினது அப்பாவோட பழைய முறை. அடுத்த அப்டேட்டுக்கு மறுபடி போயிடும். இருங்க, நான் இங்கிருந்தே உள்ள வந்து தானா ஆகற மாதிரி பண்ணிடறேன். ரெண்டே நிமிஷம்."

"வேணாம், மாப்பிள்ளை."

"ஒவ்வொரு தடவையும் நீங்க உக்காந்து கஷ்டப்படணும் அத்தை."

"பரவாயில்ல."

என் மகள் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஏம்மா இந்தப் பிடிவாதம்?"

"உங்க மெஷினை நீங்க எப்படி வேணும்னாலும் வெச்சுக்குங்க. இது போனா நான் பாத்துக்கிறேன்."

அதற்குப் பிறகு வந்திருக்கும் முதல் புள்ளி இது. கோப்பி ஆறிவிட்டது. இப்போது அழுத்தப் போகிறேன். வைஃபை போகும். கறுப்புப் பெட்டியைத் திறந்து, மேலே போகும் அம்பைத் தட்டித் தட்டி உங்கள் நல்ல நாட்கள் வரை போய், அங்கே கொஞ்சம் இருந்துவிட்டு வருவேன். என்ன அங்கேயே உட்கார்ந்திருக்கிறாய் என்று யாரும் கேட்க முடியாது. வேலை இருக்கிறது.